பிள்ளையின் எழுத்துப்பிழைக்கு எந்த விளையாட்டு? மணல், வெட்டிய எழுத்து, புளியங்கொட்டை, மூன்று கிண்ணம்

ஆறேழு வயதுப் பிள்ளையின் தமிழ் நோட்டைத் திறந்தால் பிழைகள் பெரும்பாலும் மூன்று வகையாக இருக்கும். ‘வாழைப்பழம்’ என்பது ‘வாளப்பளம்’ ஆகியிருக்கும். ‘பட்டம்’ என்பதில் ஒரு ‘ட்’ காணாமல் போய் ‘படம்’ ஆகியிருக்கும். ‘நூல்’ எழுதும்போது கால் விடுபட்டு ‘நுல்’ என்று நிற்கும். முதல் பிழை, எந்த எழுத்து என்று தெரியாததால் வருவது. இரண்டாவது, சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று கவனிக்காததால் வருவது. மூன்றாவது, எழுத்தின் வடிவம் கைக்குப் பழகாததால் வருவது. காரணம் மூன்று, ஆனால் நாம் கொடுக்கும் மருந்து ஒன்றுதான்: “பத்துத் தடவை எழுதிட்டு வா.”

அந்தப் பத்துத் தடவையைப் பிள்ளைகள் எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ‘மகிழ்ச்சி’யைக் கொடுத்தால் முதலில் ம, ம, ம என்று பத்து வரிக்கும் மேலிருந்து கீழே இறங்குவார்கள். அப்புறம் மறுபடி மேலே போய் கி, கி, கி. அடுத்து ழ், ழ், ழ். கடைசியில் நோட்டில் பத்து ‘மகிழ்ச்சி’ இருக்கும். அந்தப் பிள்ளையோ ஒரு தடவைகூட அந்தச் சொல்லை முழுதாக எழுதியிருக்காது, வாய்விட்டுச் சொல்லியும் இருக்காது. மறுநாள் கேட்டால் பழையபடி ‘மகில்ச்சி’தான்.

மதுரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை. அவர்களோடு சேர்ந்து செய்து பார்த்ததை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. வேலைக்குப் போய்வரும் அம்மா அப்பாவுக்குத் தினமும் கிடைப்பது இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் அரைமணி நேரம். அதில் எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

எழுத்தை அதன் ஒலியோடு இணைத்துச் சொல்லிக்கொடுக்கும் ‘ஃபோனிக்ஸ்’ முறை என்றாலே அது ஆங்கிலத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். “தமிழில் எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாமே, அதற்கு எதற்கு இதெல்லாம்?” என்று கேட்பார்கள். படிப்பதற்கு அது ஓரளவு சரி. எழுதுவதற்குச் சரியில்லை. ‘ழ’ என்று எழுதியிருந்தால் படித்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ‘ழ’வும் ‘ள’வும் பேச்சில் ஒன்றுதான். வடசென்னையில் ‘பழம்’ ‘பயம்’ ஆவதைக் கேட்டிருப்பீர்கள். பிள்ளை எந்தக் காதை நம்பி எழுதும்? அதோடு வீட்டுப் பேச்சு வேறு. ‘இலை’யை நாம் ‘எல’ என்கிறோம், ‘உடம்பு’ நம் வாயில் ‘ஒடம்பு’, ‘காற்று’ ‘காத்து’, ‘மூன்று’ ‘மூணு’. ‘எல’ என்று எழுதிய பிள்ளை காதில் விழுந்ததை நேர்மையாக எழுதியிருக்கிறது. அதைத் திட்டினால், தன் காதையே நம்பக்கூடாது போலிருக்கிறது என்று அது முடிவு கட்டிவிடும். அதனால் எந்த விளையாட்டை எடுத்தாலும், அதற்கு முன் அந்தச் சொல்லை எழுத்துத் தமிழில் ஒருமுறை நிறுத்திச் சொல்லிக் காட்ட வேண்டும்.

சரி, மணலிலிருந்து தொடங்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் விரலால் மணலில் எழுதித்தான் நம் முன்னோர் படித்தார்கள். விஜயதசமிக்கு அரிசியில் ‘அ’ எழுத வைப்பது அதன் மிச்சம். சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் அநாதைக் குழந்தைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மலபார்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி அச்சிட்டார். இங்கிலாந்துப் பிள்ளைகள் மணல் தட்டில் எழுதியது அப்படித்தான். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அதற்கு வேறொரு வழி கண்டார்: எழுத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, பிள்ளை இரண்டு விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பயிற்சி கொடுத்தார். நம் ஊர் மாண்டிசோரிப் பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மணலா உப்புத்தாளா என்றால், வீட்டுக்கு மணலே போதும். ஒரு தாம்பாளம், சலித்த மணல் அல்லது ரவை, அவ்வளவுதான் செலவு. உப்புத்தாளில் ஒரு நன்மை உண்டு: வடிவம் தப்பாகாது, விரல் தானே வழியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 247 எழுத்தையும் யார் வெட்டுவது? வெட்டத்தான் வேண்டும் என்றால் உயிர் 12, அகரமேறிய மெய் 18, அதோடு உகர ஊகார வரிசை 36, மொத்தம் 66 போதும். உகர ஊகார வரிசையை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், தமிழ் எழுத்தில் கைக்குச் சிரமமான இடம் அதுதான். ‘கா, சா, டா’ எல்லாவற்றுக்கும் ஒரே கால்தான். உகரம் அப்படி இல்லை. ‘சு, பு, யு, வு’ ஒரு கூட்டம், கீழே கோடு இறங்கும். ‘ணு, து, நு, லு, று, னு’ இன்னொரு கூட்டம், வலப்பக்கம் மேலே ஏறும். ‘டு, மு, ரு, ழு, ளு’ மூன்றாவது கூட்டம், சுற்றி வளைத்துக்கொள்ளும். அகரவரிசைப்படி கு, ஙு, சு, ஞு என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு இது பிடிபடவே படாது. கூட்டம் கூட்டமாக மணலில் எழுத வையுங்கள், ‘நுல்’ ஒரு வாரத்தில் ‘நூல்’ ஆகும்.

ஆனால் மணலின் வேலை அதோடு முடிகிறது. ‘ழ’வை மணலில் கோலம் மாதிரி அழகாகப் போடும் பையன் ஒருவன் என்னிடம் வருகிறான். நோட்டில் ‘பளம்’ என்றுதான் எழுதுவான். வடிவம் தெரிவது வேறு, எந்தச் சொல்லில் எது வரும் என்று தெரிவது வேறு.

அடுத்தது வெட்டிய எழுத்துகள். காலண்டர் அட்டையைச் சதுரமாக வெட்டி, ஒரு நிறத்தில் க, ங, ச… பதினெட்டும், இன்னொரு நிறத்தில் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு இவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். புள்ளிக்கு என்ன செய்வது என்று முதலில் யோசித்தேன். ஒரு பெண்பிள்ளை தன் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ‘ம’ மேல் ஒட்டினாள். “ம் ஆயிடுச்சு டீச்சர்.” அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் மெய்யெழுத்துக்கு ஸ்டிக்கர் பொட்டுதான்.

கடையில் விற்கும் உயிர்மெய்ச் சக்கரத்தோடு இதை ஒப்பிட்டால் நான் வெட்டிய எழுத்தையே சொல்வேன். சக்கரத்தைச் சுற்றினால் ‘கே’ தானாக வந்து நிற்கிறது. பிள்ளை பார்க்க மட்டுமே செய்கிறது. வெட்டிய எழுத்தில் அதுவே செய்தாக வேண்டும். ‘கே’ என்று வாயில் க முதலில் வருகிறது, அதனால் க-வை வைக்கும். அப்புறம்தான் கொம்பு அதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்று புரிந்து, க-வை விரலால் வலப்பக்கம் தள்ளி இடம் பண்ணும். ‘கொ’ என்றால் இரண்டு பக்கமும் இடம் வேண்டும். அந்தத் தள்ளல்தான் பாடம். நோட்டில் அது நடக்காது, அங்கே அழிக்க மட்டும்தான் முடியும். உகர ஊகாரத்துக்கு மட்டும் இது உதவாது. அங்கே குறியைப் பிரித்தெடுக்கவே முடியாது, மணலுக்குத்தான் போக வேண்டும்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அட்டைகள் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் அட்டையும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படியும்தான் பாடமுறையாக இருந்தது. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் செயல்பாடுகள் கொடுக்கிறார்கள். பள்ளியில் அட்டையோடு புழங்கும் பிள்ளையை வீட்டிலும் அதிலேயே உட்கார வைக்க வேண்டியதில்லை. வீட்டு நேரத்தைக் கடைசியில் சொல்லப்போகும் கிண்ணத்துக்குக் கொடுங்கள்.

வெட்டிய எழுத்தோடு சேர்த்து நான் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சோடா மூடிகளில் ண், ட, ன், ற, ந், த என்று எழுதி, ண்–ட, ன்–ற, ந்–த என்று இரண்டிரண்டாக நூலால் கட்டிவைத்திருக்கிறேன். ‘வண்டி’யா ‘வன்டி’யா என்று பிள்ளை குழம்பும்போது மூடியை எடுத்தால் போதும், ‘ட’வோடு ‘ண்’ணும் சேர்ந்தே வரும். நம் பெரியவர்கள் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெயர் வைத்ததே இதற்காகத்தான். எந்த எழுத்தோடு ஜோடி என்று பெயரிலேயே இருக்கிறது. மூணு சுழி, ரெண்டு சுழி என்று சுழியை எண்ணச் சொல்வதைவிட இந்தப் பெயர் எவ்வளவோ மேல். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் பாட்டு மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. ‘நண்பன்’, ‘அன்பு’ மாதிரிச் சொற்கள் இந்த ஜோடிக்குள் வராது, அவற்றை அப்போது கலக்காதீர்கள்.

‘ட்’, ‘ற்’ எழுதிய மூடிகளுக்கு வேறொரு ஏற்பாடு. அவற்றின் வலது ஓரத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். அந்த ஓரத்தை ஒட்டி இன்னொரு பொட்டு வைத்த மூடி வரக்கூடாது. ‘முயற்ச்சி’ என்று அடுக்கப்போன பையன் டேப்பைப் பார்த்து ‘ச்’சை எடுத்துவிட்டான். பெரியவர்களே பேனரிலும் அழைப்பிதழிலும் ‘முயற்ச்சி’ என்று போடுகிறார்கள். ‘பார்த்தான்’, ‘சேர்க்க’ என்று ‘ர்’ருக்குப் பின்னால் ஒற்று வரலாம், ‘ற்’றுக்குப் பின்னால் வராது. இதை விதியாகச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மறக்கும். டேப்பைத் தடவிப் பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

எத்தனை எழுத்து என்ற பிழைக்குப் புளியங்கொட்டை. தரையில் சாக்பீஸால் ஐந்து கட்டம் போட்டு, சொல்லை நிறுத்திச் சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கொட்டையை நகர்த்துவது. சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரால் ‘எல்கோனின் பெட்டி’ என்று ஆசிரியர் பயிற்சியில் இதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கட்டம். தமிழுக்கு அப்படிப் பிரித்தால் பிள்ளை குழம்பும். ‘மா’வை ம், ஆ என்று பிரித்துக் கேட்க அதற்கு இன்னும் நாளாகும். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘படம்’ மூன்று கட்டம், ‘பட்டம்’ நான்கு கட்டம். அந்த நான்காவது கட்டத்தைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் மாறும்.

நான் இதில் மாத்திரையையும் சேர்த்துக்கொள்கிறேன். நெடிலுக்குச் சோழி, குறிலுக்குப் புளியங்கொட்டை, மெய்க்கு ஒரு உளுந்து. ‘கல்’ என்றால் கொட்டையும் உளுந்தும். ‘கால்’ என்றால் சோழியும் உளுந்தும். ‘பட்டாசு’ என்றால் கொட்டை, உளுந்து, சோழி, கொட்டை. கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று நம் இலக்கணம் சொல்கிறதே, நெடிலுக்கு இரண்டு தடவை விரலைச் சொடுக்கச் சொல்லுங்கள். குறில் நெடில் குழப்பத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கை: அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள், அது விஷம். கைக்குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் உளுந்துகூட வேண்டாம், பொத்தானும் வேண்டாம், அதையும் வாயில் போடும். சாக்பீஸ் புள்ளியே போதும்.

ஆனால் புளியங்கொட்டையும் காதை நம்பித்தான் நடக்கிறது. ‘பளம்’ என்றாலும் மூன்று கட்டம்தான், ‘பழம்’ என்றாலும் மூன்று கட்டம்தான். காது தோற்கும் இடத்தில் கொட்டை ஒன்றும் செய்யாது.

அதற்குத்தான் கிண்ணம். மூன்று கிண்ணத்தில் ல, ள, ழ என்று எழுதி ஒட்டிவிட்டு அடுக்களைக்குப் போங்கள். பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரைச் சொல்லி, உரிய கிண்ணத்தில் போட வேண்டும். ஏலக்காய், வெல்லம், கடலை, கொத்தமல்லி, நெல்லிக்காய் இவை ‘ல’ கிண்ணம். மிளகு, மிளகாய், புளி, உளுந்து, எள், கொள்ளு, தக்காளி, வெள்ளரிப்பிஞ்சு இவை ‘ள’. வாழைப்பழம், பேரீச்சம்பழம், சேப்பங்கிழங்கு இவை ‘ழ’. முதல் இரண்டு நாள் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளை ஊகித்துத் தவறாகப் போட விடாதீர்கள், தவறும் மனதில் பதியும். மூன்றாம் நாள் அதுவே போடும். பிறகு பொருளுக்குப் பதில் பெயர் எழுதிய சீட்டு. அதற்கும் பிறகுதான் நோட்டு.

இதில் ஒரு நல்ல சங்கதி எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. அஞ்சறைப்பெட்டியில் இருப்பதிலும் பலசரக்கிலும் பெரும்பாலும் ‘ள’வும் ‘ல’வும்தான். பழம், கிழங்கு என்று பழுப்பதும் மண்ணில் விளைவதும் ‘ழ’ பக்கம் சேர்கின்றன. சமைத்த பிறகு குழம்பு, கூழ், கொழுக்கட்டை எல்லாம் ‘ழ’வில் வந்து நிற்கின்றன. இது இலக்கணம் இல்லைதான். ஆனால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு. ஒருநாள் உருளைக்கிழங்கு வந்ததும் சண்டை வந்துவிட்டது. ‘உருளை’ ள, ‘கிழங்கு’ ழ. கடைசியில் ஒன்றை அந்தக் கிண்ணத்திலும் ஒன்றை இந்தக் கிண்ணத்திலும் போட்டார்கள். அந்தச் சொல்லை இனி அவர்களில் யாரும் தப்பாக எழுத மாட்டார்கள்.

ர, ற-வுக்கும் இதே முறை: அரிசி, மோர், தயிர், சீரகம், முருங்கைக்காய் ஒரு கிண்ணம், சோறு, சாறு, ஊறுகாய், பாசிப்பயறு ஒரு கிண்ணம். பொருள் கிடைக்காத சொற்களுக்குக் குடும்பமாகச் சீட்டு எழுதுங்கள். எழுத்து, எழுது, எழுந்தான், எழுப்பு ஒரு வீடு. வாழ், வாழ்க்கை, வாழ்த்து ஒரு வீடு. ஒன்று தெரிந்தால் நான்கு தெரியும். இரட்டித்து வந்தால் கவலையே இல்லை: ‘ழ்ழ’ என்று தமிழில் கிடையாது, ‘ர்ர’ கிடையாது. ‘பள்ளி’யில் ‘ழ’வா என்றும் ‘வெற்றி’யில் ‘ர’வா என்றும் குழம்ப இடமே இல்லை.

மலை–மழை, புலி–புளி என்று ஜோடி ஜோடியாகப் பயிற்சி நூல்களில் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது கெடுதல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வரும், எது எது என்று மட்டும் வராது. ‘மழை’ தன் குடும்பத்தோடு நன்றாகப் பதிந்து சில வாரம் ஆகட்டும், அப்புறம் ‘மலை’யைப் பக்கத்தில் வையுங்கள்.

கிண்ணத்தோடு வாயையும் பழக்குங்கள். ‘ல’வுக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் பின்புறம் தொடும். ‘ள’வுக்கு நுனி பின்னால் மடங்கி மேலண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு மடங்கும், ஆனால் ஒட்டாமல் வருடிக்கொண்டு போகும். எழுத்து ஒவ்வொன்றும் வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியம் ஓர் இயலே வைத்திருக்கிறது, இது நமக்குப் புதிதல்ல. சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. மேலண்ணத்தின் மேட்டில் ஒரு துளி தேனைத் தடவி, கண்ணாடி முன் நிறுத்தி, “நாக்கால அதை நக்கிக்கிட்டே சொல்லு” என்றால் ‘ள’ வந்துவிடும். அந்த இடத்தைத் தொடாமல் சொல்லச் சொன்னால் ‘ழ’. வீட்டில் எல்லோரும் ‘வாளப்பளம்’ என்று பேசினால் பேசட்டும், அது நம் ஊர்ப் பேச்சு. எழுதும்போது நாக்கு எங்கே போகும் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

கைபேசிச் செயலிகளைப் பற்றியும் கேட்பார்கள். கண்ணாடியில் விரல் வழுக்கும், எழுத்து தானாக இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், தவறாக இழுத்தாலும் மணி அடிக்கும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ‘அ – அம்மா’வோடு நின்றுவிடுகின்றன. பயணத்தில் பொழுதுபோக்காக இருக்கட்டும். சொல்வதெழுதுதல் வேண்டும்தான், ஆனால் அது அளவுகோல். வெள்ளிக்கிழமை ஆறு சொல் போதும், அந்த வாரம் கிண்ணத்தில் விழுந்த சொற்களாக இருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம்.

ஆக எதை எடுப்பது? நோட்டில் கடைசி இருபது பிழையை எடுத்து எண்ணிப் பாருங்கள். கால், சுழி, கொம்பு தவறுவது அதிகம் என்றால் மணலும் வெட்டிய எழுத்தும். எழுத்து விடுபடுவது, குறில் நெடில் மாறுவது அதிகம் என்றால் புளியங்கொட்டை. ல, ள, ழ, ர, ற என்றால் கிண்ணம். ஒன்றுதான் முடியும் என்று சொல்பவருக்கு நான் கிண்ணத்தைத்தான் சொல்வேன். மணலும் கொட்டையும் செய்யும் வேலையைப் பள்ளி எப்படியாவது ஓரளவு செய்துவிடும். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, அது பெரியவர்களானாலும் கூடவே வருகிறது. தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டியதில்லை, சமையலுக்கு எடுத்து வைக்கும்போதே நடந்துவிடும்.

போன வாரம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அவள் பாட்டியின் மாலையிலிருந்து அறுந்த ஒரு சிவப்பு மணியைக் கொண்டுவந்தாள். “டீச்சர், பாட்டி பவளம்ங்குது. புத்தகத்துல பவழம்னு இருக்கு. எதுல போட?” இரண்டுமே சரி என்றேன். கொஞ்ச நேரம் மணியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ‘ள’ கிண்ணத்தையும் ‘ழ’ கிண்ணத்தையும் நெருக்கி வைத்து, இரண்டு விளிம்பும் தொடும் இடத்தில் அதை உட்கார வைத்தாள்.